கடலுக்கடியில் 1,200 வருஷம் கிடந்த ஜாடி யாருக்குச் சொந்தம்? பெலித்துங் முதல் பூம்புகார் வரை

அம்பத்தூர், ஆவடி பக்கம் கொஞ்சம் பழைய வீடு எதுவாக இருந்தாலும் சரி, சமையலறைப் பரணில் ஒரு ஊறுகாய் ஜாடி இருக்கும். மேலே காப்பிப் பொடி நிறம், கீழே வெளிர் மஞ்சள். மாவடு சீசன் வந்தால் இறங்கும், மற்ற நாளில் பரணிலேயே கிடக்கும். உப்பு, எண்ணெய், புளிப்பு எதைப் போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நாம் பீங்கான் ஜாடி என்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பெயர் 'ஸ்டோன்வேர்'. அதாவது கல் மாதிரி இறுகும் வரை சுட்ட மண். சாதாரண மண்பானையை விட அதிகமான சூட்டில், ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். அதனால் தண்ணீரைக் குடிக்காது, கசியாது.

பரணில் 50 வருஷம் தாங்கும் அதே குணம்தான் இதே வகை ஜாடியைக் கடலடியில் 1,000 வருஷத்துக்கு மேலும் தாங்க வைக்கிறது. கப்பலின் மரம் செல்லரித்துப் போகும், துணி போகும், இரும்பு துருப்பிடித்துக் கட்டியாகிவிடும். ஜாடி மட்டும் அப்படியே கிடக்கும். அதனால்தான் மூழ்கிய கப்பல் என்றாலே ஆராய்ச்சியாளர்களும் தேடுகிறார்கள், வியாபாரிகளும் தேடுகிறார்கள்.

இதை இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரைக்குமான கடலில் ஆழ்கடல் ஆய்வு நடத்தப்படும் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. மத்தியத் தொல்லியல் துறையும் அதே 2025-ல் தன்னுடைய கடலடித் தொல்லியல் பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்து, துவாரகையில் இறங்கியது. கடலில் தேடினால் ஏதாவது கிடைக்கும். கிடைத்தால் அது யாருக்கு? அதை வைத்து என்ன செய்வது? இந்தக் கேள்வியில் உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்ட ஒரு கேஸ் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

கடல் அட்டை தேடியவர்கள் கண்ட கப்பல்

1998. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்குப் பக்கத்தில், கரையிலிருந்து இரண்டு மைலுக்கும் குறைவான தூரத்தில், கடல் அட்டை பிடிக்க மூழ்கியவர்கள் அடியில் ஒரு மேட்டைப் பார்த்தார்கள். ஆழம் சுமார் 17 மீட்டர்தான். மேடு முழுக்கப் பீங்கான்.

அது 9-ஆம் நூற்றாண்டுக் கப்பல். ஏறக்குறைய 60,000 பாத்திரங்கள் வெளியே வந்தன. பெரும்பாலானவை சீனாவின் ஹுனான் மாகாணத்தில் சாங்ஷா நகரத்துக்குப் பக்கத்துச் சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் தேதியே கீறியிருந்தது. சீன அரசரின் ஆட்சி வருஷக் கணக்கில் எழுதியிருந்த அதை மாற்றிப் பார்த்தால் கி.பி. 826 வருகிறது. கப்பல் அதற்குப் பிறகு ரொம்ப நாள் கழித்துக் கிளம்பியிருக்காது என்பது பொதுவான கணிப்பு. நம்ம ஊரில் அப்போது பல்லவர் ஆட்சி.

கிண்ணங்களோடு நூற்றுக்கணக்கில் ஜாடிகளும் இருந்தன. நம் கதையின் நாயகன் அதுதான். ஒரு சாண் உயரம், பின்பக்கம் கைப்பிடி, முன்னால் பட்டை பட்டையாகச் சீவிய குட்டை மூக்கு, தோளில் இரண்டு காது. மூக்குக்குக் கீழேயும் காதுகளுக்குக் கீழேயும் அச்சில் வார்த்து ஒட்டிய பூவேலை. அதன் மேல் மட்டும் திட்டுத் திட்டாகப் பழுப்பு நிறம். மற்ற இடமெல்லாம் வைக்கோல் நிற மெருகு. ஒட்டிய படங்கள் சிங்கம், பறவை, பேரீச்ச மரம் என்று போகும்.

பேரீச்ச மரத்தைக் கவனியுங்கள். ஹுனானில் பேரீச்சை விளையாது. அங்கே சூளையில் மண் பிசைந்தவர் அந்த மரத்தைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் வாங்கப் போகிறவர் பாரசீக வளைகுடாப் பக்கம் இருக்கிறார், அவருக்கு எது பிடிக்கும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட், நேரில் பார்க்காத வெளிநாட்டு கம்பெனிக்காக டிராயிங் வாங்கி உதிரிபாகம் செய்துகொடுக்கிறது இல்லையா, ஏறக்குறைய அதே ஏற்பாடு. இந்தச் சூளைகள் விளம்பரமும் செய்திருக்கின்றன. "எங்கள் குடும்பத்துச் சின்ன வாய் ஜாடி உலகப் பிரசித்தம்" என்கிற அர்த்தத்தில் எழுதிய ஜாடிகள் சாங்ஷா சூளை இருந்த இடத்தில் கிடைத்திருக்கின்றன. கடைக்கு கடை 'ஒரிஜினல்' போர்டு வைக்கிற பழக்கத்துக்கு வயது 1,200!

கப்பலைத் தைத்திருந்தார்கள்

சரக்கு சீனாவுடையது. கப்பல் சீனக் கப்பல் இல்லை. பலகைகளை ஆணி அடிக்காமல், கயிற்றால் தைத்துச் சேர்த்திருந்தார்கள். அரபிக் கடல், இந்தியப் பெருங்கடல் பக்கத்து முறை அது. நமக்குப் புதுசும் இல்லை. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் மெட்ராஸ் கடற்கரையில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலா படகும் கயிற்றால் தைத்ததுதான். பெலித்துங் கப்பலை மாதிரியாக வைத்து ஓமனில் ஒரு கப்பல் கட்டினார்கள். தைக்கத் தெரிந்த ஆட்கள் கேரளாவிலிருந்து போனார்கள். 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்று பெயர் வைத்த அந்தக் கப்பல் 2010-ல் கொச்சி, காலி வழியாக சிங்கப்பூர் வரை காற்றிலேயே போய்ச் சேர்ந்தது.

சீனாவிலிருந்து வளைகுடாவுக்குப் போகிற கப்பல் நம் கடலைத் தொடாமல் போக முடியாது. மன்னார் பக்கத்து மாந்தையில் தோண்டியபோது சாங்ஷா ஓடுகள் கிடைத்தன. தாய்லாந்தின் தகுவா பாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அதே 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'அவனிநாரணம்' என்ற குளத்தையும் மணிக்கிராமத்து வணிகர்களையும் அது பேசுகிறது. அதாவது இந்த ஜாடி போய்க்கொண்டிருந்த பாதையில், அதே காலத்தில், நம் ஆட்களும் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஜாடி மேல் தமிழ் எழுத்து ஒன்றும் இல்லை. அதனால் 'தமிழர் கப்பல்' என்று சமூக வலைதளத்தில் யாராவது கிளப்பினால் நம்ப வேண்டாம். பாதையில் நமக்குப் பங்கு இருந்தது. அதற்குமேல் இந்தக் கப்பலை வைத்துச் சொல்ல முடியாது.

3 கோடி 20 லட்சம் டாலர்

இனிதான் சண்டை.

கப்பல் கிடைத்த 1998, இந்தோனேசியாவில் சுஹார்த்தோ ஆட்சி கவிழ்ந்த வருஷம். நாடே கொந்தளிப்பில் இருந்தது. கடலடியில் பீங்கான் இருக்கிறது என்று தெரிந்தால் ஊர் ஆட்கள் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க ஆள் இல்லை. இந்தோனேசிய அரசு ஒரு ஜெர்மானியரின் தனியார் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. முதல் கட்டத்தில் வேக வேகமாகச் சரக்கைத் தூக்கினார்கள். பருவக்காற்று வந்து வேலை நின்றது. நின்ற இடைவெளியில் கொள்ளையும் நடந்தது. 1999-ல் இரண்டாம் கட்டத்தில்தான் கடல் தொல்லியலாளர் மைக்கேல் ஃப்ளெக்கர் வந்து கப்பலின் உடலை முறையாக அளந்து பதிவு செய்தார். கப்பல் தைத்தது என்று உலகத்துக்குத் தெரிய வந்தது அந்த இரண்டாம் கட்ட வேலையால்தான்.

நிறுவனம் சரக்கைச் சில்லறையாக ஏலம் விடவில்லை. நியூசிலாந்தில் வைத்து உப்பு நீக்கி, சுத்தம் செய்து, மொத்தமாக விற்றது. 2005-ல் சிங்கப்பூர் ஏறக்குறைய 3 கோடி 20 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. இன்று அது சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லிட்டில் இந்தியாவுக்கு ஷாப்பிங் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கினால் பார்த்துவிடலாம். போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

2011-ல் இந்தக் கண்காட்சி அமெரிக்காவுக்குப் போவதாக இருந்தது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சாக்லர் கேலரியில் 2012-ல் வைப்பதாகத் திட்டம். தொல்லியல் அமைப்புகள் எதிர்த்தன. ஸ்மித்சோனியனுக்குள்ளேயே இருந்த ஆய்வாளர்களும் எதிர்த்தார்கள். லாபத்துக்காகத் தோண்டிய பொருளை இவ்வளவு பெரிய நிறுவனம் காட்சிக்கு வைத்தால், நாளைக்கு ஒவ்வொரு கடலிலும் ஒரு கம்பெனி இறங்கும் என்பது அவர்கள் வாதம். முதலில் தள்ளிப்போட்டார்கள், 2011 முடிவதற்குள் ரத்தே செய்துவிட்டார்கள். 2017-ல் நியூயார்க்கின் ஏசியா சொசைட்டி அதே பொருட்களில் ஒரு பகுதியை வைத்துக் கண்காட்சி நடத்தியது. அப்போதும் விவாதம் ஓயவில்லை.

எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரு ஜாடியைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அழகாக இருக்கிறது, பழசாக இருக்கிறது, விலை போகும். அவ்வளவுதான். அதே ஜாடி கப்பலில் எந்தப் பக்கம் இருந்தது, எதற்கு மேல் இருந்தது, எதற்குள் இருந்தது என்று தெரிந்தால் கதையே வேறு. பெலித்துங்கில் சாங்ஷா கிண்ணங்களைப் பெரிய பெரிய சரக்கு ஜாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தச் சரக்கு ஜாடிகள் தென் சீனாவின் குவாங்டாங் பக்கத்துச் சூளையில் சுட்டவை. கிண்ணம் ஓரிடம், அதை அடைத்த ஜாடி வேறோரிடம். நடுவே ஒரு துறைமுகம், ஒரு கிடங்கு, பேக்கிங் செய்ய ஆட்கள், கணக்கு எழுத ஒருவர். இவ்வளவும் 'கிண்ணம் ஜாடிக்குள் இருந்தது' என்ற ஒரு குறிப்பிலிருந்து வருகிறது. அவசரத்தில் தூக்கியவர் அந்தக் குறிப்பை எழுதாமல் விட்டால், திரும்பக் கடலில் போய்த் தேட முடியாது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. 1752-ல் மூழ்கிய ஹெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பலின் சரக்கை 1985-ல் மைக்கேல் ஹாட்சர் என்பவர் தென் சீனக் கடலில் கண்டெடுத்தார். அடுத்த வருஷமே ஆம்ஸ்டர்டாமில் ஏலம். லட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான்கள் உலகம் முழுக்கச் சிதறிப் போயின. இன்றைக்கு அவற்றை ஒன்று சேர்க்க யாராலும் முடியாது. கப்பலைப் பற்றிய பதிவும் ஒழுங்காக இல்லை. அதோடு ஒப்பிட்டால் பெலித்துங் சரக்கு ஒரே கூரையின் கீழ் இருப்பது பெரிய விஷயம். காவலுக்கும் ஆள் இல்லை, ஆய்வுக்கும் பணம் இல்லை என்ற நிலையில் அன்றைய இந்தோனேசியா வேறென்ன செய்திருக்கும் என்ற கேள்விக்கு வாஷிங்டனில் உட்கார்ந்து பதில் சொல்வது சுலபம்.

எங்களைக் கேட்டால், இதிலிருந்து நம் மாநிலம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் 'தனியாரா அரசா' என்பது இல்லை. கப்பல் கிடைக்கிற அன்றைக்கு நம்மிடம் ஆளும் படகும் ஆய்வுக்கூடமும் தயாராக இருந்தால், இந்த இரண்டு கெட்ட வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற நிலைமையே வராது.

ஆய்வுக்கூடம் இருந்தால் மட்டும் போதுமா?

காலியில் நடந்ததைப் பாருங்கள். இலங்கையின் காலித் துறைமுகத்தில் 1659-ல் 'ஆவொன்ட்ஸ்டர்' என்ற டச்சுக் கம்பெனிக் கப்பல் நங்கூரம் நழுவிக் கரை தட்டி மூழ்கியது. பாக்கு ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட இருந்த கப்பல். ஆழம் சில மீட்டர்தான். 2001-லிருந்து இலங்கை, நெதர்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து நிதானமாக, முறைப்படி தோண்டினார்கள். இந்தத் துறைமுகத்தின் அடியிலிருந்தும் அலங்கார ஜாடி வந்தது. கழுத்தில் தாடிக்காரர் முகம் பதித்த, ஜெர்மனியின் ரைன் நதிக்கரைச் சூளைகளில் சுட்ட ஜாடி. ஏலம் இல்லை, விற்பனை இல்லை. எல்லாம் புத்தகத்தில் சொன்ன மாதிரி நடந்தது.

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. துறைமுகத்தை ஒட்டியிருந்த கடல் தொல்லியல் பிரிவின் கட்டடத்தை அடித்துக்கொண்டு போனது. உப்பு நீக்கத் தொட்டிகளில் ஊற வைத்திருந்த பொருட்களில் பலவற்றை, எங்கிருந்து எடுத்தார்களோ அந்தக் கடலே திரும்ப வாங்கிக்கொண்டது. நாகப்பட்டினம் கடற்கரையில் இதே சுனாமி என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். பூம்புகார், நாகை ஆய்வுக்குக் கூடம் அமைத்தால் எங்கே அமைக்க வேண்டும் என்று யோசிக்கிறவர்கள் காலியை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் கடலில் என்ன இருக்கிறது?

பூம்புகாருக்கு எதிரே சுமார் 19 மீட்டர் ஆழத்தில் ஒரு மரக்கப்பலின் சிதைவைத் தேசியக் கடலியல் நிறுவனம் 1990-களில் ஆராய்ந்தது. ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றில் 'டபிள்யூ பிளாக்கெட்' என்ற ஆங்கிலப் பெயரும் 1791, 1792 என்ற வருஷங்களும் பொறித்திருந்தன. பிளாக்கெட் என்பது இங்கிலாந்தில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த குடும்பத்தின் பெயர். சங்க காலப் பட்டினத்தைத் தேடிப் போனவர்களுக்கு 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஈயம் கிடைத்தது! கடல் அப்படித்தான். நாம் கேட்டதை மட்டும் கொடுக்காது.

ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் இதை நாகப்பட்டினத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் இருப்பது திருவள்ளூர் மாவட்டம். அதே மாவட்டத்தின் கரையில்தான் பழவேற்காடு இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே ஹெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். ஆவொன்ட்ஸ்டர் காலத்து டச்சுக் கப்பல்கள் வந்து நின்ற துறை அது. அந்தக் கடலில் மீனவர் வலையில் ஒரு ஜாடி மாட்டினால் யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

மாட்டினால், சட்டம் என்ன சொல்கிறது?

நிலம் என்றால் சட்டம் தெளிவு. பூந்தமல்லியில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஏதாவது கிடைக்கிறது என்று வையுங்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும். உரிமை கோரி யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு நாலில் மூணு பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசுக்கு வேண்டும் என்றால் அந்தப் பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை.

கடல் என்றால் குழப்பம். புதையல் சட்டம் பேசுவது மண்ணில் மறைந்த பொருளைப் பற்றி. மூழ்கிய கப்பலுக்கு நம் நாட்டில் நெடுநாள் இருந்தது 1958-ஆம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டம். 2025-ல் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேற்றியது. இந்த வகைச் சட்டத்தின் கவலை எல்லாம் போன மாசம் மூழ்கிய கப்பலும் கன்டெய்னரும்தான். பழைய சட்டப்படி, கண்டெடுத்தவர் சிதைவுப் பொருளுக்கென்று இருக்கிற அதிகாரியிடம் தகவல் சொல்ல வேண்டும். கப்பல் சொந்தக்காரர் ஒரு வருஷத்துக்குள் வந்து கேட்கலாம். 9-ஆம் நூற்றாண்டுக் கப்பலுக்குச் சொந்தக்காரர் எங்கிருந்து வருவார்?

மூன்றாவதாக 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம். 100 வருஷம் தாண்டிய கலைப்பொருள், பாண்டம் எல்லாம் இதன் கீழ் வரும். கடலில் கிடைத்ததா, காட்டில் கிடைத்ததா என்ற பேதம் இல்லை. தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால் ஜெயில். வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். மூன்றில் கொஞ்சம் பல் உள்ள சட்டம் இதுதான்.

சர்வதேச அளவில் 2001-ல் யுனெஸ்கோ ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. 2009-ல் அமலுக்கு வந்தது. 100 வருஷத்துக்கு மேல் தண்ணீருக்கடியில் இருக்கிற எதையும் வியாபாரமாக்கக் கூடாது, முடிந்தவரை இருக்கிற இடத்திலேயே விட்டுப் பாதுகாக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா இதுவரை அதில் சேரவில்லை. ஆழ்கடல் ஆய்வுக்கு நிதி ஒதுக்குகிற நேரத்தில், இந்த உடன்படிக்கையில் ஏன் சேரவில்லை என்று மத்திய அரசைக் கேட்கத் தமிழக எம்.பி.க்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது.

வலையில் ஜாடி வந்தால்...

சட்டம் தெளிவாகிற வரை கடல் காத்திருக்காது. காசிமேட்டிலோ பழவேற்காட்டிலோ வலையில் ஒரு பழைய ஜாடி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் தப்பு எங்கே நடக்கும் தெரியுமா? கரைக்கு வந்ததும் வெயிலில் காய வைப்பதில். இத்தனை வருஷம் கடலில் ஊறிய பாண்டத்துக்குள், சின்ன விரிசல் வழியாக உப்பு இறங்கியிருக்கும். காய்ந்தால் அந்த உப்பு படிகமாகி உள்ளிருந்து நெம்பும். மேல் மெருகு செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். 1,000 வருஷம் தாங்கியது ஒரு வாரத்தில் போய்விடும். எனவே ஈரம் காயாமல் ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு வையுங்கள். முதலில் கடல் தண்ணீரே போதும். நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊற வைத்து உப்பை இறக்குவது மாசக்கணக்கில் ஆகும் வேலை, அதை ஆய்வுக்கூடம் பார்த்துக்கொள்ளும்.

மேலே ஒட்டியிருக்கிற சிப்பி, சுண்ணாம்பைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். ஆசிட் ஊற்றவே வேண்டாம். உள்ளே மண் அடைத்திருந்தால் கொட்டாதீர்கள், என்ன சரக்கு வந்தது என்பதற்கு அந்த மண்தான் சாட்சி. பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, அளவு தெரிகிற மாதிரி போனில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், இடம். இன்றைக்குப் பெரும்பாலான விசைப்படகுகளில் ஜிபிஎஸ் இருக்கிறது. வலை இழுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மீன்வளத்துறை அலுவலகத்திலோ கலெக்டர் அலுவலகத்திலோ எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள், அங்கிருந்து மாநிலத் தொல்லியல் துறைக்குப் போகும். சும்மா கொடுத்தால் மீனவருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒருநாள் தொழில் கெட்டு, வலை கிழிந்து, ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவருக்கு நன்றி மட்டும் போதாது. நிலத்தில் கண்டெடுத்தவருக்கு 1878-லேயே பங்கு எழுதி வைத்தார்கள். கடலில் கண்டெடுக்கிறவருக்கும் ஒரு வெகுமதித் தொகையை ஆழ்கடல் ஆய்வுத் திட்டத்துக்குள்ளேயே மாநில அரசு சேர்க்கலாம். பெலித்துங்கையும் முதலில் கண்டது கம்பெனி இல்லை, கடல் அட்டைக்காக மூச்சுப் பிடித்து இறங்கியவர்கள்தான்.